வெட்டியது போக மிச்சம்

ஒரு மீட்டர் துணியை மடித்து விரித்து, அளவு ரவிக்கையை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுகிறோம். முதுகு, முன்பாகம், கை, இடுப்புப் பட்டி, ஊக்குப் பட்டி எல்லாம் எடுத்த பிறகு தரையில் என்ன கிடக்கிறது? பின்கழுத்தை இறக்கி வெட்டியதில் விழுந்த வளைவான துண்டு. கைக்குழியில் விழுந்த பிறைகள். முன்பாகத்தை கிராஸில் போட்டு வெட்டியிருந்தால் உள்ளங்கை அளவுக்கு முக்கோணங்கள். ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு நீளமாக ஒரு பட்டை. லைனிங் துணியிலும் இதே வடிவங்கள் இன்னொரு முறை. இவற்றை அள்ளி ஒரு கேரி பேக்கில் திணித்து மெஷினுக்கு அடியில் தள்ளுவோம். பை நிறைந்ததும் குப்பை வண்டிக்குப் போகும்.

இந்தக் கட்டுரை அந்தப் பையைப் பற்றியது.

துணியை வெட்டும்போதே சுமார் 15 விழுக்காடு கழிவாகிவிடுகிறது என்பது ஆடைத் தொழிலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஆனால் தொழிற்சாலைக் கழிவை வாங்க ஆள் உண்டு. திருப்பூரில் கட்டிங் டேபிளில் விழும் பனியன் துணி, நிறம் வாரியாகப் பிரிக்கப்பட்டு, கிலோ கணக்கில் எடை போட்டு விற்கப்படுகிறது. ஒரு பங்கு மெஷின் துடைக்க ஒர்க் ஷாப்புகளுக்குப் போகும். ஒரு பங்கு மறுபடி பஞ்சாகப் பிரிக்கப்பட்டு, ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்களில் நூலாகத் திரும்பி வரும். சிவப்புத் துண்டுகளைத் தனியே பிரித்து அரைத்தால் கிடைக்கும் நூலும் சிவப்பாகவே இருக்கும், சாயம் போட வேண்டியதில்லை. வீட்டுத் தையலில் விழும் துணுக்கு இந்தச் சங்கிலியில் எங்கும் சேர்வதில்லை. பருத்தியும் பாலியெஸ்டரும் பட்டும் கலந்து, நூல் சிக்கும் சேர்ந்து, கைப்பிடி கைப்பிடியாகத் தெருத்தெருவாகச் சிதறிக் கிடக்கும் அதைச் சேர்த்து வாங்க யாரும் வருவதில்லை.

அது கொஞ்சநஞ்சம் அல்ல. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டத்தில் மெஷின் பெற்றவர்கள், மகளிர் குழுக் கடனில் மெஷின் வாங்கியவர்கள், கல்யாணச் சீரோடு மெஷின் கொண்டு வந்தவர்கள் என்று நம் ஊர்களில் தையல் தெரிந்த வீடு இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. 2020இல் முகக்கவசம் கடையில் கிடைக்காமல் போன வாரங்களில், ஊர் முழுக்க மூக்கையும் வாயையும் மூடியது இந்த வீடுகளில் மிஞ்சிக் கிடந்த பருத்தித் துணிதான். மிச்சத் துணிக்கு என்ன மதிப்பு என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

முதல் உரிமை அதே உடைக்கு

மிச்சத் துணியில் என்ன செய்யலாம் என்று கேட்டால் உடனே பூ, பொம்மை, சுவர் அலங்காரம் என்று பட்டியல் வரும். என் கருத்து வேறு. ஒரு துணியிலிருந்து விழுந்த துண்டுக்கு முதல் வேலை அந்த உடையிலேயே இருக்கிறது.

ரவிக்கையின் கழுத்துக்கு வைக்கும் பைப்பிங்கை எடுத்துக்கொள்வோம். அதற்கு கிராஸ் பீஸ் வேண்டும். துணியின் நூலோட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில், ஒன்றேகால் அங்குல அகலத்தில் வெட்டிய பட்டை அது. சாய்வாக வெட்டினால்தான் துணி இழுபட்டு, கழுத்து வளைவோடு சுருக்கமில்லாமல் படியும். இதற்காகப் புதுத் துணியைக் குறுக்கே வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். கிராஸ் கட் ரவிக்கையில் மிஞ்சும் முக்கோணத்தின் நீண்ட பக்கம் ஏற்கெனவே அந்தச் சாய்வில்தான் நிற்கிறது. அந்தப் பக்கத்துக்கு இணையாகக் கோடு போட்டு வெட்டி, பட்டைகளைச் சாய்வாகவே ஒன்றோடொன்று இணைத்தால் ஒரு கழுத்துக்குத் தேவையான நீளம் பெரும்பாலும் தேறிவிடும். வேறு நிறத்தில் பைப்பிங் வேண்டுமென்றால், பச்சை ரவிக்கையின் மிச்சம் மஞ்சள் ரவிக்கைக்கு ஆகும், மஞ்சளின் மிச்சம் அடுத்ததற்கு.

முதுகில் கட்டும் நாடாவின் நுனியில் தொங்கும் குஞ்சலமும் பொட்லி பட்டனும் இதே வகை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்தை வெட்டி, ஓரத்தைச் சுற்றி நூலோட்டி, நடுவில் பொடித் துணுக்குகளை உருட்டி வைத்து இறுக்கினால் பட்டன் வந்துவிடும். வேறெதற்கும் உதவாத நூல் பிசிறுகூட உள்ளே போய்விடுகிறது. பட்டுப்புடவையோடு வரும் ரவிக்கைத் துணியில் கைக்கு எடுத்தது போகக் கரை மிஞ்சும். அந்த ஜரிகைக் கரையைச் சாதாரணப் பருத்தி ரவிக்கையின் கையில் வைத்துத் தைத்தால் அது விசேஷத்துக்குப் போடும் ரவிக்கையாகிவிடும்.

இவற்றைவிட முக்கியமானது பழுது பார்ப்பது. சட்டை முழங்கையில் நைந்துபோகும். ரவிக்கை அக்குளில் கிழியும். குர்தா பாக்கெட் ஓரத்தில் பிரியும். அன்றைக்கு அதே துணியில் ஒரு துண்டு கையில் இருந்தால் உடை பிழைத்துக்கொள்ளும். கடையில் அந்த நிறத்தைத் தேடினால் கிடைக்காது. கிடைத்தாலும், பலமுறை துவைத்து வெளுத்த உடையோடு புதுத் துணி சேராது. ஆகவே, மீதித் துண்டை உடையோடு சேர்த்தே அவ்வப்போது துவைத்து வைப்பது நல்லது. இரண்டும் ஒரே மாதிரி வெளுக்கும், ஒரே அளவு சுருங்கும்.

சிறுமிகளின் பட்டுப்பாவாடையில் கீழே இரண்டு மூன்று மடிப்பு வைத்துத் தைத்து, பெண் வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்ட தையல்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர்கள் மிச்சத்தை வெட்டி எறியாமல் உடைக்குள்ளேயே மடித்து வைத்தார்கள்.

ஒட்டுப் போட்ட துணி என்றால் வறுமை என்று நாம் முகம் சுளிக்கப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தை எதிர்த்துச் சொல்ல ஒரு பழைய சான்று உண்டு. பௌத்தத் துறவிகளின் காவி உடை முழுத் துணியாக இருக்கக் கூடாது. துண்டுகளாக வெட்டி இணைத்துத் தைத்ததாகவே இருக்க வேண்டும் என்பது விதி. மகத நாட்டு நெல்வயல்கள் வரப்புகளால் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அதேபோல உடையை அமைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரைக் கேட்டதாக விநய பிடகம் சொல்கிறது. இன்றும் அந்த வயலும் வரப்பும் துவராடையின் தையலில் தெரிகின்றன.

கவந்தி: ஓரத்திலிருந்து நடுவுக்கு

மிச்சத் துணியை உயர்ந்த கலையாக்கியவர்களைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் யெல்லாபுரம், ஹளியாள், முண்டகோடு பகுதிக் காட்டோர ஊர்களில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அரபு வணிகர்களாலும், பின்னர் கோவாவில் கால் ஊன்றிய போர்ச்சுகீசியர்களாலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அவர்களில் பலர். தப்பித்தவர்களும் விடுதலை பெற்றவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குள் ஒதுங்கினார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள் என மூன்று சமயத்தாரும் அவர்களிடையே உண்டு. மூன்று சமயப் பெண்களும் தைப்பது கவந்தி என்னும் ஒட்டுத்துணிப் போர்வை.

நாம் அறிந்த ‘பேட்ச் ஒர்க்’ முறையில் முதலில் சதுரங்களை இணைத்து ஒரு மேல்துணி தயாராகும். பிறகு அடித்துணி, நடுவில் பஞ்சு என்று அடுக்கி, மூன்றையும் சேர்த்து மறுபடி தைக்க வேண்டும். கவந்தியில் இரண்டு வேலையும் ஒரே தையலில் முடிகிறது. ஒரு பழைய புடவையை அடித்துணியாக விரிக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, துண்டின் பிசிறு ஓரத்தை உள்ளே மடித்து, அடித்துணியோடு சேர்த்து நூலோட்டம் போடுகிறார்கள். அந்தத் துண்டு முடியும் இடத்தில் அடுத்த துண்டு அதன்மேல் ஏறி உட்காருகிறது. இப்படியே நான்கு ஓரமும் சுற்றி வந்து, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று என்று உள்நோக்கி நகர்ந்து, நடுவில் வந்து முடிகிறது. கோடு கிடையாது. அளவுகோல் கிடையாது. எந்தத் துண்டு அடுத்து வரவேண்டும் என்பதைக் கையிலிருக்கும் துண்டின் வடிவமும் பக்கத்து நிறமும் சேர்ந்து சொல்கின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நூலோட்டம் விரற்கடைக்கும் குறைவான இடைவெளியில் அடுத்தடுத்து ஓடுவதால் போர்வை முழுக்க அலை அலையாக ஒரு மேடுபள்ளம் விழுகிறது.

கடைசியில் நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கி ஒரு பூ வைக்கிறார்கள். அந்தப் பூ இல்லாமல் கவந்தி முழுமையடைவதில்லை. சிலர் நடுவே சிலுவையோ பிறையோ வைத்துத் தைப்பதும் உண்டு. தொட்டில் குழந்தைக்கு மிகச் சின்னக் கவந்தி. குடும்பமே படுத்துக்கொள்ள மிகப் பெரியது. 2004இல் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியர் ஹென்றி ட்ரூவலின் துணையோடு சித்திப் பெண்கள் தங்களுக்கென ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். அதன் பிறகு அவர்களின் போர்வைகள் அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் இடம்பெற்றன.

நம் வீட்டுத் துணுக்குகளுக்கு இந்த முறைதான் மிகவும் பொருந்தும் என்று நான் நம்புகிறேன். சதுரப் போர்வைக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். ஐந்தடிக்கு ஏழடி உள்ள ஒற்றைக் கட்டில் போர்வைக்கு நான்கு அங்குலச் சதுரங்கள் 315 வேண்டும். தையலுக்கு இரு பக்கமும் கால் அங்குலம் விட்டு, ஒவ்வொன்றையும் நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். ரவிக்கை மிச்சத்தில் நாலரை அங்குலச் சதுரம் கிடைப்பதே அபூர்வம். கிடைத்த துண்டைச் சதுரமாக்கப் போனால் அதிலிருந்து மறுபடி மிச்சம் விழும். கவந்தி முறையில் பிறையும் முக்கோணமும் இருக்கிறபடியே ஏற்கப்படுகின்றன. மெஷினும் தேவையில்லை. ஊசி, கொஞ்சம் தடித்த பருத்தி நூல், ஒரு பழைய காட்டன் புடவை போதும். முதல் முயற்சிக்குப் போர்வை வேண்டாம். ஒரு தலையணை உறை அளவுக்குத் தொடங்கினால் கை பழகிவிடும்.

வங்காளத்துப் பெண்களின் காந்தாவும் இதற்கு உறவுதான். பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த காலம் அங்கே இருந்தது.

நம் பக்கத்தில்

தமிழர்களிடம் இந்தக் கலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோயில் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள் துணிகளில் யாளி, பூ, கொடி என்று வெட்டி, வேறொரு துணியின் மேல் வைத்துத் தைத்து, உருளையாகச் சுருட்டித் தொங்கவிடுவார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் இந்தக் கைவேலை செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நவராத்திரிக் கொலுவில் மரப்பாச்சி தம்பதிக்குப் பட்டுத் துண்டில் புடவையும் ஜரிகைத் துண்டில் அங்கவஸ்திரமும் கட்டிவிடுவது வீட்டுப் பெண் குழந்தைகளின் முதல் தையல் பாடமாக இருந்தது. பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பை, வெற்றிலைக்கு ஒரு அறை, சில்லறைக்கு ஒரு அறை என்று பல நிறத் துண்டுகளால் ஆனது. பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், துவைத்துத் துவைத்து மெத்தென்றான பழைய துணியில் சட்டை தைத்துப் போட்டதற்கு அந்தப் பிஞ்சுத் தோலின் மேலிருந்த அக்கறையே காரணம்.

அண்மைக் காலத்தில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது சுனாமிகா என்ற பொம்மை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, ஆரோவில்லில் ‘உபாசனா’ என்ற வடிவமைப்பு நிறுவனத்தை நடத்திவந்த உமா பிரஜாபதி, சுற்றுவட்ட மீனவக் கிராமங்களின் பெண்களுக்கு ஏதாவது செய்ய நினைத்தார். கடலைப் பார்க்கவே அஞ்சி உட்கார்ந்திருந்த பெண்கள் அவர்கள். தையல் கூடத்தில் மிஞ்சிய துணித் துண்டுகளால் விரல் நீளத்துக்கு ஒரு பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்கு விலை கிடையாது; அன்பளிப்பாகவே கொடுக்கப்படும். வாங்குகிறவர்கள் விரும்பித் தரும் நன்கொடையிலிருந்து பெண்களுக்கு வருமானம் வந்தது. வேலையோடு சேர்ந்து உட்கார்ந்து பேச ஓர் இடமும் அவர்களுக்குக் கிடைத்தது.

கேரளத்தில் 2018 வெள்ளத்தில் சேந்தமங்கலம் நெசவாளர்களின் புதுச் சேலைகள் சேற்றில் ஊறிப்போயின. அந்தச் சேலைகளைச் சுத்தம் செய்து, துண்டு துண்டாக வெட்டி, சேக்குட்டி என்ற பொம்மையாக்கி விற்ற முயற்சியில் கோபிநாத் பாறயிலும் லட்சுமி மேனனும் முன்நின்றார்கள். அதே லட்சுமி மேனன் 2020இல் கொரோனா பாதுகாப்பு உடைகள் தைக்கும் கூடங்களில் மலைபோல் குவிந்த வெட்டுத்துணிகளைப் பெண்களைக் கொண்டு சடையாகப் பின்னவைத்து, ஆறடி மெத்தைகளாக்கினார். ‘சய்யா’ என்ற அந்த மெத்தைக்கு ஊசி, நூல் எதுவும் தேவைப்படவில்லை.

கால்மிதிக்கு ஒரு முடிச்சு

சடை பின்னும் முறை வீட்டுக்கும் வசதியானது, குறிப்பாகப் பழைய பனியன், டி-ஷர்ட் துணிகளுக்கு. பனியன் துணியை ஓர் அங்குலப் பட்டையாக வெட்டி இரு கையாலும் இழுத்தால், தானாகச் சுருண்டு கயிறாகிவிடும், பிசிறும் வராது. பட்டைகளை இணைக்கவும் தையல் வேண்டாம். இரண்டு பட்டைகளின் நுனியிலும் அரை அங்குலம் நீளத்துக்குக் கீறல் போடுங்கள். பழைய பட்டையின் கீறலுக்குள் புதிய பட்டையின் நுனியை நுழைத்து வெளியே எடுங்கள். பிறகு புதிய பட்டையின் மறுமுனையை அதன் சொந்தக் கீறலுக்குள் விட்டு முழுக்க இழுத்தால் இரண்டும் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும். மூன்று கால் சடையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றிச் சுற்றி, பக்கவாட்டில் தடித்த நூலால் தைத்துக்கொண்டே போனால் கால்மிதி தயார். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், துவைத்துத் துவைத்து வருடக்கணக்கில் போடலாம்.

எது பருத்தி, எது பிளாஸ்டிக்?

இந்த ஒரு விஷயத்தில் கவனம் தப்பக் கூடாது. இரண்டு மூன்று இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்தால் பட்டு. உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர், அது பிளாஸ்டிக்தான். கலப்புத் துணியில் இரண்டு குணமும் தெரியும்.

அடுப்பில் பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்குப் பாலியெஸ்டர் கூடவே கூடாது. சூட்டில் உருகிக் கையில் ஒட்டிவிடும். வெளியே பருத்தித் துண்டுகள், உள்ளே பழைய டர்க்கித் துண்டு இரண்டு மடிப்பு, நடுவில் குறுக்கும் நெடுக்கும் நாலு தையல் போதுமானது. உப்பையும் நொச்சி இலையையும் வறுத்துக் கட்டும் ஒத்தடக் கிழிக்கும் பருத்தியே வேண்டும். இட்லித் துணிக்கு இன்னும் கண்டிப்பு: சாயமில்லாத வெள்ளை மல் துணி மட்டும். விளக்குத் திரிக்குப் பழைய வேட்டிக் கிழிசல் சிறந்தது. ஆரோவில்லில் 2010இல் தொடங்கிய ‘ஈகோ ஃபெம்’ தைக்கும் துணி நாப்கின்களிலும் உடலில் படும் துணி பருத்திதான். வீட்டில் தைத்துக்கொள்ள நினைக்கும் பெண்கள், கசகசவென்று ஒட்டாத, நன்றாகத் துவைத்த பருத்தித் துணியையே எடுத்து, கழுவியபின் வெயிலில் உலர்த்த வேண்டும்.

அப்படியானால் பாலியெஸ்டர் துண்டுகளை என்ன செய்வது? உட்காரும் திண்டுக்கு உள்ளே அடைக்கலாம். அரை அங்குலத் துணுக்காக நறுக்கி, குண்டூசி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, காடாத் துணி உறையில் கெட்டியாக அடைத்தால் தரையில் போட்டு உட்கார நல்லது. தலையணைக்கு இது கனமாகவும் கட்டியாகவும் இருக்கும், வேண்டாம். கனமான பாலியெஸ்டர் துண்டுகளை இணைத்துக் கடைக்குப் போகும் பை தைக்கலாம், சீக்கிரம் கிழியாது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியபோது பலர் புதுத்துணி வாங்கிப் பை தைத்துக் கொடுத்தார்கள். மெஷினுக்கு அடியில் பை பையாகத் துணி இருக்கும்போது அதற்கு அவசியமே இல்லை.

பல துணிகளைச் சேர்த்துத் தைக்கும் முன் எல்லாவற்றையும் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். சுங்குடியின் சிவப்பும் கருநீலமும் முதல் துவையலில் சாயம் விடக்கூடும். ஈரத் துண்டை வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் செய்ய வேண்டுமா?

யூடியூபில் மிச்சத் துணி என்று தேடினால் துணிப்பூ, கம்பி வளையத்தில் ஒட்டிய அலங்காரம், பசைத் துப்பாக்கியால் ஒட்டிய பென் ஸ்டாண்ட் என்று வந்துகொண்டே இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றைத் துவைக்க முடியாது. தூசி படிந்து, இரண்டு மாதத்தில் பசையோடும் தெர்மாகோலோடும் சேர்ந்து குப்பைக்குப் போகும். அப்போது அது முன்னைவிட மோசமான குப்பை, ஏனென்றால் துணியைத் தனியே பிரிக்க முடியாது. துவைக்க முடிவதை, தினமும் கையில் எடுப்பதைச் செய்யுங்கள் என்பேன். குழந்தைக்கு ஒரு பொம்மை என்றால் சரி. அதுவும் ஊசி நூலால் தைத்ததாக இருக்கட்டும்.

பயன்படுத்தவே முடியாத பொடித் துணுக்கு கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும். அதைக் குறைக்க வழி வெட்டும் மேசையிலேயே இருக்கிறது. எல்லாப் பாகங்களையும் துணி மேல் வைத்துப் பார்த்த பிறகே கத்தரிக்கோலை எடுப்பது, சின்னப் பட்டிகளைப் பெரிய பாகங்களின் இடுக்கில் அடைப்பது, லைனிங்கையும் அதே கணக்கில் மடிப்பது என்று நல்ல தையல்காரர்கள் காலம்காலமாகச் செய்வதுதான்.

அடுத்த முறை தைக்கக் கொடுக்கும்போது, “மீதித் துணியையும் சேர்த்துக் கொடுத்துடுங்க அக்கா” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை உடையின் உள்பக்கத் தையலில் சேர்த்துத் தைத்துத் தரவும் கேளுங்கள். வீட்டில் நீங்களே தைப்பவரானால், அந்த கேரி பேக்கை இந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் கொட்டி, பருத்தி ஒரு பக்கம், பாலியெஸ்டர் ஒரு பக்கம், பட்டும் ஜரிகையும் ஒரு பக்கம் என்று மூன்றாகப் பிரித்து வையுங்கள்.